ரவுட்டரின் ஈதர்நெட் போர்ட்டைக் கட்டளை வரியில் அமைப்பது எப்படி?

புதிய ரவுட்டரில் கேபிளைச் செருகியதும் பச்சை விளக்கு எரியும் என்று எதிர்பார்ப்போம். எரியாது. கேபிளை மாற்றிப் பார்ப்போம், பக்கத்துப் போர்ட்டில் செருகிப் பார்ப்போம், கடைசியில் ரவுட்டரையே அணைத்துப் போடுவோம். அப்போதும் எரியாது. பழுது ஒன்றும் இல்லை. சிஸ்கோ ரவுட்டர்களில் ஈதர்நெட் போர்ட்கள் வழக்கமாக மூடிய நிலையில்தான் வருகின்றன. நாம் சொல்லித் திறக்கும் வரை மூடியே இருக்கும். ஸ்விட்ச்சில் (ஒரே நெட்வொர்க்கின் கணினிகளை இணைக்கும் கருவி) பழகியவர்களுக்கு இது புதிதாகத் தெரியும், ஏனென்றால் ஸ்விட்ச் போர்ட்கள் செருகியவுடனே வேலை செய்யத் தொடங்கிவிடும்.

அந்தப் போர்ட்டைத் திறப்பது, முகவரி கொடுப்பது, வேகத்தைச் சரிபார்ப்பது, சேமிப்பது என்று முழு வேலையையும் பார்ப்போம். இங்கே எடுத்துக்கொண்டிருப்பது சிஸ்கோவின் ஐஓஎஸ் மென்பொருள். மற்ற நிறுவனங்களின் ரவுட்டர்களில் கட்டளைச் சொற்கள் மாறும். வேலை பெரும்பாலும் இதேதான். கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன், விசைப்பலகையில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். எழுத்து சந்தேகமாக இருந்தால் ஒரு கேள்விக்குறி போடுங்கள், அந்த இடத்தில் என்னென்ன சொற்கள் செல்லும் என்று ரவுட்டரே பட்டியல் காட்டும்.

கன்சோல் வழியாக உள்ளே போவது

ரவுட்டருக்கு இன்னும் ஐபி முகவரியே இல்லை. அதனால் நெட்வொர்க் வழியாக அதைத் தொட முடியாது. கன்சோல் போர்ட் வழியாகத்தான் நுழைய வேண்டும். பல மாடல்களில் பெட்டியோடு வரும் வெளிர் நீல நிறத் தட்டைக் கேபிள் இதற்கானது. ஒரு முனை ஆர்ஜே-45, மறுமுனை 9 பின் சீரியல். இன்றைய லேப்டாப்களில் பெரும்பாலும் சீரியல் போர்ட் கிடையாது என்பதால் ஒரு யூஎஸ்பி-சீரியல் அடாப்டர் வேண்டும். சில மாடல்களில் மினி யூஎஸ்பி கன்சோலும் இருக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: கன்சோல் போர்ட்டும் ஈதர்நெட் போர்ட்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மேலே அச்சிட்டிருக்கும் பெயரைப் படித்துவிட்டுச் செருகுங்கள்.

கன்சோலோடு பேச ஒரு டெர்மினல் நிரல் வேண்டும். விண்டோஸில் புட்டி அல்லது டெரா டெர்ம், லினக்ஸில் ஸ்க்ரீன் அல்லது மினிகாம் போதும். விண்டோஸில் அடாப்டருக்கு எந்தக் காம் எண் கிடைத்திருக்கிறது என்று டிவைஸ் மேனேஜரில் பார்த்துக்கொள்ளுங்கள். அமைப்பு இதுதான்: வேகம் 9600, டேட்டா பிட் 8, பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1, ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை. புட்டியில் ஃப்ளோ கன்ட்ரோல் வேறொன்றாக இருக்கும், அதை மாற்றிவிடுங்கள். திரையில் புரியாத குறிகளாகக் கொட்டினால் வேகம் பொருந்தவில்லை. ஒன்றுமே வராவிட்டால் ஒரு முறை எண்டர் தட்டுங்கள். ரவுட்டர் பெரும்பாலும் அதற்காகத்தான் காத்திருக்கும்.

முதல் முறை இயங்கும்போது, கேள்வி-பதில் முறையில் அமைத்துக்கொள்ளலாமா என்று கேட்கும். ‘நோ’ என்று சொல்லிவிடுங்கள். அந்தக் கேள்விகள் வழியாகப் போனால் என்ன அமைந்தது, எங்கே அமைந்தது என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

எங்கே நிற்கிறோம்?

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஐஓஎஸ் பல அறைகள் கொண்ட வீடு மாதிரி. ஒரு கட்டளை அதற்குரிய அறையில்தான் செல்லும். எந்த அறையில் இருக்கிறோம் என்பதைத் திரையின் இடது ஓரத்தில் வரும் குறி சொல்லும்.

ரவுட்டர்>

இது வாசல். இங்கே சிலவற்றைப் பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. ‘எனேபிள்’ அடித்தால் குறி மாறும்:

ரவுட்டர்#

இங்கே எல்லாவற்றையும் பார்க்கலாம், சேமிக்கலாம், ரவுட்டரை மறுபடி துவக்கலாம். ‘கான்ஃபிகர் டெர்மினல்’ அடித்தால் மாற்றங்கள் செய்யும் அறை:

ரவுட்டர்(கான்ஃபிக்)#

அங்கிருந்து ஒரு போர்ட்டின் பெயரைச் சொல்லி நுழைந்தால் குறி ‘கான்ஃபிக்-இஃப்’ என்று மாறும். ஒரு படி பின்னால் வர ‘எக்ஸிட்’. ஒரேயடியாக வெளியே வர ‘எண்ட்’ அல்லது கன்ட்ரோலுடன் இசட்.

கட்டளையை ஏற்க முடியாதபோது ‘இன்வேலிட் இன்புட்’ என்ற வரியும், கூடவே ஒரு சிறு கூரைக் குறியும் வரும். அந்தக் குறி எந்த எழுத்தின் கீழே நிற்கிறதோ அங்கிருந்துதான் ரவுட்டருக்குப் புரியவில்லை. குறி முதல் சொல்லிலேயே நின்றால் எழுத்துப் பிழையைத் தேடும் முன் இடது ஓரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அறைதான் தப்பாக இருக்கும். மாற்றங்கள் செய்யும் அறையில் இருந்துகொண்டே ‘ஷோ’ கட்டளை வேண்டுமென்றால் முன்னால் ‘டூ’ சேர்த்துக்கொள்ளலாம்.

முழுச் சொல்லும் அடிக்க வேண்டியதில்லை. வேறு எதனோடும் குழம்பாத அளவுக்கு முதல் சில எழுத்துகள் போதும். டேப் விசை மீதியை நிரப்பும். முதல் சில வாரங்கள் டேப் விசையைத் தட்டி முழுச் சொல்லையும் பார்த்துப் பழகுங்கள். சுருக்கமாகவே அடித்துப் பழகினால், அடுத்தவர் எழுதிய கான்ஃபிகரேஷனைப் படிக்கும்போது திணறுவீர்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே, ‘ரவுட்டர்(கான்ஃபிக்)#’ குறியில், செய்துவிடுங்கள்:

நோ ஐபி டொமைன்-லுக்கப்

இது இல்லாவிட்டால், ‘ரவுட்டர்#’ குறியில் தப்பாக அடித்த ஒரு சொல்லை ஏதோ ஒரு கணினியின் பெயர் என்று எடுத்துக்கொண்டு ரவுட்டர் அதைத் தேடப் போய்விடும், திரை அப்படியே நிற்கும். மாட்டிக்கொண்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், 6 மூன்றையும் சேர்த்து அழுத்தி வெளியே வரலாம்.

மாற்றும் முன் பார்ப்பது

ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் ப்ரீஃப்

இந்த ஒரு கட்டளையை நான் ஒரு நாளில் எத்தனை முறை அடிப்பேன் என்று கணக்கே இல்லை. எல்லாப் போர்ட்களும் ஒவ்வொரு வரியாக வரும்: பெயர், முகவரி, கடைசியில் ஸ்டேட்டஸ், ப்ரோட்டோகால் என்று இரண்டு நிலைகள்.

பெயரில் ஃபாஸ்ட்ஈதர்நெட் என்றிருந்தால் 100 மெகாபிட் போர்ட், கிகாபிட்ஈதர்நெட் என்றால் 1000. பின்னால் வரும் 0/0, 0/1 போன்றவை இடத்தையும் போர்ட் எண்ணையும் குறிப்பவை. சில மாடல்களில் 0/0/0 என்று மூன்று எண்கள் வரும். நான் 0/0 என்று எழுதும் இடத்தில் உங்கள் திரையில் தெரியும் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு நிலைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி டவுன்’ என்றால் போர்ட் கட்டளையால் மூடப்பட்டிருக்கிறது. கேபிளைத் தொட வேண்டாம், கட்டளை கொடுத்தால் போதும். வெறும் ‘டவுன், டவுன்’ என்றால் திறந்துதான் இருக்கிறது, ஆனால் எதிர்முனையிலிருந்து சிக்னல் வரவில்லை. கேபிள், எதிரே உள்ள போர்ட், வேக அமைப்பு இவற்றைப் பாருங்கள். ‘அப், அப்’ என்றால் சரி.

இதைப் பார்த்த பிறகு ஒரு தாளை எடுத்து எந்தப் போர்ட் எதற்கு, என்ன முகவரி, எதிர்முனையில் எது என்று எழுதுங்கள். நம் உதாரணத்தில் 0/0 உள் நெட்வொர்க்குக்கு, முகவரி 192.168.10.1. 0/1 இணைய இணைப்புக்கு, முகவரி 203.0.113.2, எதிர்முனை 203.0.113.1. இந்த 203.0.113 வரிசை விளக்கங்களில் காட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. உங்கள் இணைப்பைத் தருபவர்கள் கொடுத்த எண்ணை அங்கே போடுங்கள்.

முகவரி கொடுத்துத் திறப்பது

கான்ஃபிகர் டெர்மினல்
இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈதர்நெட் 0/0
டிஸ்கிரிப்ஷன் உள்-நெட்வொர்க் ஸ்விட்ச்-1 போர்ட்-24
ஐபி அட்ரஸ் 192.168.10.1 255.255.255.0
நோ ஷட்டவுன்

டிஸ்கிரிப்ஷன் வெறும் குறிப்புதான், ரவுட்டரின் வேலையில் அது எதையும் மாற்றாது. ஆனாலும் விடாதீர்கள். ஆறு மாதம் கழித்து நடு இரவில் யாரோ ஒருவர் இந்தப் போர்ட்டை மூடலாமா என்று யோசிக்கும்போது அந்த ஒரு வரிதான் அவருக்கு வழி காட்டும். எதிர்முனையில் எந்தக் கருவி, எந்தப் போர்ட் என்பதை எழுதுங்கள். ‘முக்கியம்’ என்று மட்டும் எழுதினால் யாருக்கும் உதவாது.

முகவரி வரியில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். 192.168.10.0 என்று நெட்வொர்க்கின் முகவரியையே போர்ட்டுக்குக் கொடுத்தால் ‘பேட் மாஸ்க்’ என்று மறுப்பு வரும். மாஸ்க்கில் (255.255.255.0 என்ற இரண்டாவது எண்; முகவரியின் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்வது) தப்பில்லை, அந்த மாஸ்க்கோடு சேர்த்துப் பார்க்கும்போது முகவரி ஒரு கருவிக்கு உரியதாக இல்லை என்பதே அதன் பொருள். அப்புறம், ஒரே நெட்வொர்க்கை இரண்டு போர்ட்களுக்குக் கொடுத்தால் ‘ஓவர்லாப்ஸ்’ என்ற சொல் வரும். ரவுட்டரின் வேலையே வெவ்வேறு நெட்வொர்க்குகளை இணைப்பதுதான். ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனி நெட்வொர்க் வேண்டும்.

மூன்றாவது தவறுக்கு எந்த எச்சரிக்கையும் வராது. ஏற்கெனவே முகவரி உள்ள போர்ட்டில் இன்னொரு ‘ஐபி அட்ரஸ்’ வரி அடித்தால் பழையது சத்தமில்லாமல் போய், புதியது வந்து உட்காரும். இரண்டும் வேண்டுமென்றால் புதிய வரியின் கடைசியில் ‘செகண்டரி’ சேர்க்க வேண்டும். இதைப் பற்றிக் கடைசியில் இன்னும் சொல்கிறேன்.

‘நோ ஷட்டவுன்’ அடித்ததும் கையை எடுத்துவிட்டுத் திரையைப் பாருங்கள். ஓரிரு விநாடியில் இரண்டு செய்திகள் வரும். முதலில் ‘லிங்க்-3-அப்டவுன்’ என்று தொடங்கும் வரி: கேபிளில் சிக்னல் வந்துவிட்டது. அடுத்து ‘லைன்ப்ரோட்டோ-5-அப்டவுன்’ என்று தொடங்கும் வரி: அந்தச் சிக்னலின் மேல் ஈதர்நெட் பேசத் தொடங்கிவிட்டது. நடுவில் உள்ள 3, 5 என்ற எண்கள் செய்தியின் தீவிரம். 0 முதல் 7 வரை போகும், எண் குறையக் குறைய விஷயம் பெரிது. கட்டளை அடித்துக்கொண்டிருக்கும்போதே இந்தச் செய்திகள் குறுக்கே விழுந்து வரியைக் கலைத்தால், ‘லைன் கன்சோல் 0’ என்று நுழைந்து ‘லாகிங் சிங்க்ரனஸ்’ கொடுங்கள். அடித்த வரியை ரவுட்டர் மறுபடி எடுத்துக் காட்டும்.

செய்தி வராமல் போனால், கணினியை ரவுட்டரோடு நேரடியாகச் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பழைய ரவுட்டர்களில் அதற்கு க்ராஸ்ஓவர் கேபிள் (அனுப்பும், வாங்கும் கம்பிகள் இடம் மாறியது) தேவைப்படும். புதியவை பெரும்பாலும் தாமாகவே சரிசெய்துகொள்ளும்.

அதே முறையில் 0/1 போர்ட்டுக்கும்:

இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈதர்நெட் 0/1
டிஸ்கிரிப்ஷன் இணைய-இணைப்பு
ஐபி அட்ரஸ் 203.0.113.2 255.255.255.252
நோ ஷட்டவுன்

வேகமும் டூப்ளெக்ஸும்

அவசரமில்லாமல் படிக்க வேண்டிய பகுதி இது. ஏனென்றால் இங்கே நடக்கும் தவறு இணைப்பைத் துண்டிக்காது. விளக்கு எரியும், ‘அப், அப்’ வரும், பிங் (எதிர்முனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) போகும். ஆனால் பெரிய கோப்பு ஒன்றை நகர்த்தும்போது ஆமை வேகம். ஆட்கள் நாள் கணக்கில் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஃபுல் டூப்ளெக்ஸ் என்றால் இரண்டு முனைகளும் ஒரே நேரத்தில் பேசலாம், கேட்கலாம். ஹாஃப் டூப்ளெக்ஸ் என்றால் ஒரு நேரத்தில் ஒருவர்தான். எப்படிப் பேசுவது என்பதை இரண்டு முனைகளும் கேபிள் இணைந்தவுடன் தங்களுக்குள் கேட்டு முடிவு செய்துகொள்ளும். அதுதான் ஆட்டோ நெகோஷியேஷன். ஒரு முனையில் யாரோ ‘ஸ்பீட் 100’, ‘டூப்ளெக்ஸ் ஃபுல்’ என்று கையால் நிர்ணயித்துவிட்டால் அந்த முனை இந்தப் பேச்சில் கலந்துகொள்ளாது. ஆட்டோவில் இருக்கும் மறுமுனை, வரும் சிக்னலை வைத்து வேகம் 100 என்று கண்டுபிடித்துவிடும். டூப்ளெக்ஸைச் சிக்னலிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. அப்போது விதிப்படி ஹாஃப் என்றே எடுத்துக்கொள்ளும். ஒரு முனை ஃபுல், ஒரு முனை ஹாஃப். இங்கேதான் கோளாறு.

பிங் ஏன் போகிறது? ஒரு சிறு பாக்கெட் போகும், ஒன்று திரும்பி வரும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசும் நிலையே அரிதாகத்தான் வரும். பெரிய கோப்பு போகும்போது ஒரு பக்கம் டேட்டா, மறுபக்கம் அதற்கான ஒப்புதல்கள் என்று இரண்டும் ஓயாமல் ஓடும். ஹாஃபில் இருப்பது இதை மோதல் என்று எடுத்துக்கொண்டு நடுவிலேயே நிறுத்தும். ஃபுல்லில் இருப்பது அந்தப் பாதி ஃப்ரேமை (ஈதர்நெட் ஒரு தடவையில் அனுப்பும் டேட்டா துண்டு) பழுதானது என்று தூக்கி எறியும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம்:

ஷோ இன்டர்ஃபேஸஸ் கிகாபிட்ஈதர்நெட் 0/0

நீளமான பதில் வரும், பயப்பட வேண்டாம். மேல் பகுதியில் இப்போதைய டூப்ளெக்ஸும் வேகமும் எழுதியிருக்கும். கீழ்ப் பகுதியில் பிழைக் கணக்குகள். ‘லேட் கொலிஷன்’ (தாமதமாகத் தெரியவரும் மோதல்) ஏறிக்கொண்டே போனால் இந்த முனை ஹாஃபில் இருந்து மறுமுனை ஃபுல்லில் இருக்க வாய்ப்பு அதிகம். ‘சிஆர்சி’ (கெட்டுப்போய் வந்த ஃப்ரேம்கள்), ‘ரன்ட்ஸ்’ (அளவு குறைந்த ஃப்ரேம்கள்) இரண்டும் ஏறினால் நேர்மாறு. டூப்ளெக்ஸ் இரண்டு பக்கமும் பொருந்தியிருந்தும் சிஆர்சி மட்டும் ஏறினால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். எதிரே இருப்பதும் சிஸ்கோ கருவி, சிடிபி (சிஸ்கோ கருவிகள் பக்கத்துக் கருவிக்குத் தங்களைப் பற்றிச் சொல்லும் முறை) இயங்குகிறது என்றால், ‘டூப்ளெக்ஸ் மிஸ்மேட்ச்’ என்று திரையிலேயே செய்தி வரும். அது வந்தால் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திப்போடாதீர்கள்.

இந்தக் கணக்குகள் எப்போதிலிருந்து சேர்ந்தவை என்று தெரியாது. பழைய எண்களைப் பார்த்துக் கலங்கவும் வேண்டாம், சரியாகிவிட்டது என்று நம்பவும் வேண்டாம். ‘ரவுட்டர்#’ குறியில் ‘கிளியர் கவுண்டர்ஸ்’ கொடுத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, ஒரு பெரிய கோப்பை நகர்த்தி, மறுபடி பாருங்கள். இப்போது ஏறுவதுதான் இப்போதைய பிழை.

சரிசெய்யும் முறை எளிது. போர்ட்டின் ‘கான்ஃபிக்-இஃப்’ அறைக்குள் போய், இரண்டு முனைகளிலும் ஆட்டோ:

ஸ்பீட் ஆட்டோ
டூப்ளெக்ஸ் ஆட்டோ

எதிர்முனை கையால் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது, அதை மாற்ற நமக்கு அனுமதி இல்லை என்றால், நம் முனையிலும் அதே எண்களை அப்படியே வையுங்கள். ஒன்று ஆட்டோ, ஒன்று கை என்பது மட்டும் கூடாது. செம்புக் கேபிளில் 1000 மெகாபிட் வேகத்துக்கு ஆட்டோ நெகோஷியேஷன் கட்டாயம், அங்கே கையால் நிர்ணயிக்கும் யோசனைக்கே இடமில்லை. கையால் நிர்ணயித்தால்தான் உறுதியாக இருக்கும் என்று சிலர் இன்னும் சொல்வார்கள். பழைய கருவிகளில் அதற்குக் காரணம் இருந்தது. இன்று நான் பார்க்கும் டூப்ளெக்ஸ் கோளாறுகளுக்கு அந்தப் பழக்கமே காரணமாக இருக்கிறது.

எம்டியு (ஒரு தடவையில் அனுப்பக்கூடிய பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) பற்றி ஒரே வார்த்தை: ஈதர்நெட்டில் அது 1500 பைட், அப்படியே விடுங்கள். இணைய இணைப்பு பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல்லோடு இணையும் முறை) வழியாக வந்தால் மட்டும் அதன் 8 பைட் போக 1492 ஆகும். அப்போது சில தளங்கள் பாதி திறந்து நின்றுவிடும். உள் போர்ட்டில் ‘ஐபி டிசிபி அட்ஜஸ்ட்-எம்எஸ்எஸ் 1452’ கொடுத்தால் அது தீரும்.

வேலை செய்கிறதா?

பக்கத்திலிருந்து தூரத்துக்குப் போங்கள். ‘எண்ட்’ அடித்து ‘ரவுட்டர்#’ குறிக்கு வந்துவிட்டு, முதலில் உள் நெட்வொர்க்கில் உள்ள ஒரு கணினி:

பிங் 192.168.10.20

ஐந்து பாக்கெட் போகும். பதில் வந்தால் ஆச்சரியக்குறி, வராவிட்டால் புள்ளி. முதலில் ஒரு புள்ளி, அப்புறம் நான்கு ஆச்சரியக்குறி, 80 சதவீதம் வெற்றி என்று வந்தால் கவலைப்படாதீர்கள். அந்தக் கணினியின் மேக் முகவரியை (அதன் நெட்வொர்க் அட்டைக்கே உரிய எண்) ஏஆர்பி மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நேரத்தில் முதல் பாக்கெட் போய்விட்டது. மறுபடி அடித்தால் ஐந்தும் வரும். ஐந்தும் புள்ளி என்றால் ‘ஷோ ஏஆர்பி’ அடியுங்கள். அந்த முகவரிக்கு எதிரே மேக் எண் இருந்தால் ஈதர்நெட் சரியாக இருக்கிறது, பெரும்பாலும் அந்தக் கணினியின் ஃபயர்வால்தான் பிங்குக்குப் பதில் சொல்ல விடாமல் தடுக்கிறது. ‘இன்கம்ப்ளீட்’ என்றிருந்தால் கேபிள், முகவரி, மாஸ்க் மூன்றையும் மறுபடி பாருங்கள்.

அடுத்து 203.0.113.1. அதுவும் வந்தால், ‘ரவுட்டர்(கான்ஃபிக்)#’ குறிக்குப் போய், தெரியாத இடங்களுக்கெல்லாம் அந்த வழியே போகச் சொல்லுங்கள்:

ஐபி ரவுட் 0.0.0.0 0.0.0.0 203.0.113.1

இனி ரவுட்டரிலிருந்து வெளி உலகத்துக்குப் பிங் போகும். உள் கணினிகளிலிருந்து போகாது. 192.168 முகவரிகள் இணையத்தில் செல்லாதவை, அவற்றை இணையத்தில் செல்லும் முகவரியாக மாற்றி அனுப்ப நேட் என்ற வசதி வேண்டும். அது தனி வேலை. ஈதர்நெட் அமைப்பில் தப்பு என்று நினைத்து இங்கே திரும்பி வந்து எதையும் கலைக்காதீர்கள்.

சேமிப்பதும், தொலைவிலிருந்து மாற்றுவதும்

இதுவரை செய்த எல்லாம் ரன்னிங் கான்ஃபிக் என்ற பெயரில் நினைவகத்தில்தான் இருக்கிறது. மின்சாரம் போனால் போய்விடும். ரவுட்டர் துவங்கும்போது படிப்பது ஸ்டார்ட்அப் கான்ஃபிக். முதலாவதை இரண்டாவதில் எழுத வேண்டும்:

காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்

கோப்பின் பெயர் கேட்கும், எண்டர் தட்டினால் போதும். சோதித்துப் பார்த்த பிறகே சேமியுங்கள். தப்பான ஒன்றைச் சேமிக்காமல் இருந்தால், ரவுட்டரை அணைத்துப் போட்டாலே பழைய நிலை திரும்பிவிடும்.

வேறு ஊரில் இருந்த ஒரு ரவுட்டரில், 0/0 போர்ட்டுக்கு இரண்டாவது முகவரி ஒன்றைச் சேர்க்க நான் ஒருமுறை உட்கார்ந்தேன். நான் உள்ளே நுழைந்திருந்ததே அந்த 0/0 வழியாகத்தான். ‘செகண்டரி’ என்ற சொல்லை விட்டுவிட்டு எண்டர் தட்டினேன். திரை அப்படியே நின்றது. அடுத்த எழுத்து வரவில்லை. பழைய முகவரி போய்விட்டது, அதனோடு என் இணைப்பும் போய்விட்டது. அங்கே அறை பூட்டியிருந்தது. மறுநாள் காலையில் சாவி வைத்திருந்தவர் வந்து ரவுட்டரை அணைத்துப் போடும் வரை அந்த அலுவலகம் முழுக்க இணைப்பில்லாமல் இருந்தது. சேமிக்காததால் அந்த அளவோடு போயிற்று.

அன்றிலிருந்து, நான் நுழைந்த போர்ட்டையே தொலைவிலிருந்து மாற்ற வேண்டியிருந்தால் முதல் கட்டளை இதுதான்:

ரீலோட் இன் 10

பத்து நிமிடத்தில் ரவுட்டர் தானாக மறுதுவக்கம் ஆகும். அடிக்கும்போது மாற்றங்களைச் சேமிக்கலாமா என்று கேட்டால் ‘நோ’ சொல்லுங்கள். இணைப்பு அறுந்துபோனாலும் பத்து நிமிடம் காத்திருந்தால் சேமித்த பழைய அமைப்போடு ரவுட்டர் திரும்பி வரும். எல்லாம் சரியாக நடந்துவிட்டால், பிங் போட்டுப் பார்த்துவிட்டு, முதலில் ‘ரீலோட் கேன்சல்’, அப்புறம் சேமிப்பு. கேன்சலை மறந்துவிட்டால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ரவுட்டர் அந்தப் பத்தாவது நிமிடத்தில் எல்லோர் வேலையையும் நிறுத்திவிட்டு மறுதுவக்கத்துக்குப் போய்விடும். ‘ஷோ ரீலோட்’ அடித்து, குறித்து வைத்த மறுதுவக்கம் எதுவும் பாக்கியில்லை என்று பார்த்த பிறகு வெளியேறுங்கள்.